தோண்டாத ஆழத்தைப் பற்றி எப்படித் தெரியும்?

போன ஞாயிறு காலை பெங்களூர் லால்பாக் தோட்டத்துப் பாறைமேல் நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் கேட்டீர்கள், தம்பி: “மனிதன் இதுவரை போட்ட மிக ஆழமான துளையே 12 கிலோமீட்டர்தான். ஆனால் பூமியின் மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம் என்ற அடுக்கு இருக்கிறது, அதில் இன்ன கனிமம், இன்ன வெப்பம் என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. இது ஊகம்தானே? ஏன் நேராகத் தோண்டிப் பார்த்துவிடக் கூடாது?” அங்கே நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஊகம் வேறு, கருதல் வேறு. நம்முடைய தருக்க மரபு அறிவின் வாயில்களாகக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்கிறது. குன்றுக்கு அப்பால் எழும் புகையைக் கண்டு, அங்கே நெருப்பு இருக்கிறது என்று கொள்வது கருதல். பூமியின் உட்புறத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஏறக்குறைய முழுவதும் இந்த வழியில் வந்ததே. இது தவறக்கூடும், தவறியதும் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கைந்து புகைகள் ஒரே நெருப்பைச் சுட்டினால், அதற்குப் பிறகு அதை ஊகம் என்று தள்ளிவிட முடியாது.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. எங்கள் லைன் வீட்டில் நள்ளிரவில் அடுக்குப் பாத்திரங்கள் திடீரென்று கலகலக்கும். அம்மா எழுந்து விளக்கேற்றிவிட்டு, இரவு ஷிஃப்ட்டுக்குப் போனவர் திரும்பும் வரை வாசலில் நிற்பார். வெட்டியெடுத்த வெற்றிடத்தைச் சுற்றியிருக்கும் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது வரும் அதிர்வு அது. எங்கோ கீழே, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் நடந்தது எங்கள் வீட்டுச் செம்பில் ஒலியாகக் கேட்டது. பூமியின் உட்புறத்தை ஆராயும் இந்தத் துறைக்கு நான் வந்ததற்கு அதுதான் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

2001-இல் மூடப்படும்போது அந்தச் சுரங்கம் 3.2 கி.மீ. ஆழத்தை எட்டியிருந்தது, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிர்ந்த காற்றை இறக்காமல் ஒரு மனிதன் அங்கே வேலை செய்ய முடியாது. இத்தனைக்கும் தென்னிந்தியாவின் பழம்பாறைப் பகுதி உலகச் சராசரியைவிடக் குளிர்ச்சியானது. இந்த 3.2 கி.மீ. பூமியின் 6,371 கி.மீ. ஆரத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான்.

நீங்கள் சொன்ன 12 கி.மீ. துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-இல் தொடங்கி 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அடியில் 100 டிகிரி அளவில் வெப்பம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். இருந்தது 180 டிகிரி. பாறை இளகிய களிமண்போல் துளைக்குள் சரிந்துகொண்டே வந்தது. அதற்குமேல் துரப்பணம் நகரவில்லை. கருதல் தவறிய கதையும் அங்கேதான் இருக்கிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில் நிலஅதிர்வு அலைகளின் வேகம் மாறுவதை வைத்து, அதற்குக் கீழே கருங்கல் முடிந்து பசால்ட் என்ற கனத்த கரும்பாறை தொடங்குகிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். துளை அந்த ஆழத்தைக் கடந்தபோது பசால்ட் வரவில்லை. உருமாறி, விரிசல்விட்டு, நீர் ஊறிய கருங்கல் வகைதான் தொடர்ந்து வந்தது. அலை அங்கே மாறியது உண்மை. மாறியதற்கு அவர்கள் சொன்ன காரணம் பிழை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான சண்டைகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

சரி, தோண்டாமல் எப்படி அறிவது? மிக எளிய ஒரு சாட்சியை முதலில் சொல்கிறேன். லால்பாக்கில் நாம் நின்ற பாறையில் ஒரு துண்டை எடுத்து நிறுத்தால், அதே அளவு தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு கனக்கும். முழுப் பூமியின் சராசரி அடர்த்தியோ தண்ணீரைப்போல் 5.5 மடங்கு. லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு, அவற்றின் ஈர்ப்பை அளந்து, 1798-லேயே இதற்கு மிக நெருங்கிய எண்ணைச் சொல்லிவிட்டார். மேலே கிடப்பது 2.7, சராசரி 5.5 என்றால் உள்ளே இருப்பது இதைவிட வெகுவாகக் கனத்ததாக இருந்தாக வேண்டும். ஒரு மண்வெட்டிகூட எடுக்காமல் கிடைத்த முடிவு இது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. சிலைக்குக் கல் தேரும் ஸ்தபதி உளியால் தட்டி ஓசை கேட்பார். மணிபோல் ஒலித்தால் ஆண் கல் என்பார். ஓசை செத்துப்போனால் அந்தக் கல்லைத் தொட மாட்டார். உள்ளே விரிசல் இருக்கிறதா என்பதை உடைக்காமலேயே அவர் காது சொல்லிவிடும். பூமியைத் தட்டும் அளவுக்குப் பெரிய சுத்தியல் நம்மிடம் இல்லை. இயற்கையிடம் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய நிலநடுக்கமும் பூமி முழுவதையும் ஒலிக்க வைக்கிறது.

அந்த ஒலியைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததில் இந்திய மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பகுதியை ஒரு மாபெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராய்ந்தார். தொலைதூர நாடுகளின் கருவிகளில் பதிவான கோடுகளை வைத்து, மூன்று வகை அலைகள் தனித்தனியே வந்து சேர்வதைப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது முதன்மை அலை. ஒலியைப்போல் பாறையை அழுத்தியும் தளர்த்தியும் போவது. அடுத்தது இரண்டாம் அலை. கயிற்றை உதறினால் ஓடும் நெளிவுபோல் பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போவது. கடைசியில் தரையோடு தவழ்ந்து வரும் மேற்பரப்பு அலைகள். இவற்றில் இரண்டாம் அலைக்கு ஒரு குணம் உண்டு: அது திரவத்துக்குள் போகாது. திரவத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்ப முயல்வதில்லை. அதனால் நெளிவைக் கடத்தவும் அதனால் முடியாது. பின்னால் இது மிகவும் உதவும்.

மேலோடும் கவசமும் தனித்தனி என்று கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் அது. 1909 அக்டோபர் 8 அன்று குரோஷியாவில், ஜாக்ரெப் நகருக்குத் தெற்கே கூபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நிலநடுக்கம். அந்நகரில் இருந்த நிலஅதிர்வு ஆய்வாளர் ஆந்திரியா மொகொரோவிசிச் பல ஊர்களின் பதிவுகளைச் சேகரித்துப் பார்த்தார். ஒரே நிலநடுக்கத்துக்குச் சில ஊர்களில் இரண்டு முதன்மை அலைகள் பதிவாகியிருந்தன. அருகில் இருந்த ஊர்களில் மெதுவான அலை முதலில் வந்தது. தொலைவான ஊர்களில் வேகமான அலை அதை முந்தியது.

பெங்களூரில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தும்கூர் சாலைக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். ஊருக்குள்ளேயே சில்க் போர்டு வழியாக நேராகப் போகலாம். அல்லது நைஸ் ரோட்டில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டு போகலாம். சுற்றுவழி தூரம் அதிகம், ஆனால் வேகம் அதிகம். பக்கத்துப் பேட்டைக்குப் போக யாரும் நைஸ் ரோட்டுக்குப் போவதில்லை. ஏறி இறங்கும் நேரம் வீண். ஊரின் மறுகோடிக்குப் போவதென்றால் சுற்றுவழிக்காரர் முந்திவிடுவார். நிலநடுக்க அலைக்கும் இதே கணக்குதான். மேலோட்டிலேயே நேராக வரும் அலை விநாடிக்கு 6 கி.மீ. அளவில் ஓடுகிறது. இன்னொன்று கீழே இறங்கி, விநாடிக்கு 8 கி.மீ. வேகம் தரும் பாறையைத் தொட்டு, அதன் விளிம்போடு ஓடி, மீண்டும் மேலேறி வருகிறது. எந்தத் தூரத்தில் இரண்டாவது முதலாவதை முந்துகிறது என்று தெரிந்தால், அந்த வேகமான பாறை எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். மேலோட்டின் தடிமன் 35 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், முந்தும் தூரம் சுமார் 185 கி.மீ. வருகிறது. பள்ளிக்கூட வடிவியல் போதும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

மொகொரோவிசிச்சுக்குக் கிடைத்த ஆழம் 50 கி.மீ. அளவில் இருந்தது. மேலோட்டின் அடிப்பகுதி என்று இன்று நாம் சொல்வது அந்த எல்லையைத்தான். அவர் பெயரைச் சுருக்கி மோஹோ என்கிறோம். பெருங்கடல்களுக்கு அடியில் அது கடல்தரையிலிருந்து சுமார் 7 கி.மீ. ஆழத்திலேயே வந்துவிடுகிறது. திபெத்துக்கு அடியில் 70 கி.மீ. வரை இறங்குகிறது.

இரண்டாம் அலையின் குணத்தைச் சொன்னேனல்லவா? அது கவசம் முழுவதையும், 2,900 கி.மீ. ஆழம் வரை, தடையின்றிக் கடந்து வருகிறது. ஆகவே கவசம் திடப்பாறை. பூமியின் மேல்தோலுக்குக் கீழே எரிமலைக் குழம்பு கடல்போல் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று எத்தனையோ படங்களில் வரைந்துவைத்திருக்கிறார்கள். இந்தப் பிழையைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. குழந்தைகள் அதையே கற்றுக்கொண்டு வளர்கிறார்கள். எரிமலைகளுக்கு வரும் குழம்பு, கவசத்தின் மேற்பகுதியிலும் மேலோட்டிலும் ஆங்காங்கே சிறிதளவு உருகுவதால் உண்டாவது. மற்றபடி கவசம் பாறையே. ஆனால் ஓடும் பாறை. கோடை வெயிலில் சாலைத் தாரைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் கெட்டியாக நிற்கும். கனமான வண்டியை நாள் முழுக்க நிறுத்திவைத்தால் சக்கரம் பதிந்துவிடும். கவசமும் விநாடிக் கணக்கில் வரும் அலைக்குத் திடப்பொருள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குக் குழைபொருள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளரும் வேகத்தில், அது நகர்கிறது.

வெப்பக் கணக்கும் இதையே சொல்கிறது. மேலோட்டில் கிலோமீட்டருக்குச் சுமார் 25 டிகிரி கூடுகிறது. அதே வேகத்தில் கூடிக்கொண்டே போனால் கவசத்தின் அடியில் 70,000 டிகிரி வர வேண்டும். அப்படி இருந்தால் அங்கே திடப்பொருள் என்று எதுவும் இருக்க முடியாது. இரண்டாம் அலையும் வராது. அலை வருகிறது. எனவே ஓர் ஆழத்துக்குக் கீழே வெப்பம் ஏறும் வேகம் மிகவும் குறைந்தாக வேண்டும். பாறையே மெல்லச் சுழன்று வெப்பத்தை மேலே தூக்கி வருவதுதான் அதற்குக் காரணம்.

கவசத்துக்குக் கீழே இருக்கும் கருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1906-இல் ஓல்டாம் கரு என்று ஒன்று இருப்பதைக் காட்டினார். சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பெர்க் அதன் எல்லை 2,900 கி.மீ. என்று கணக்கிட்டார், 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி திரவக் கருவுக்குள் இன்னோர் உட்கரு இருப்பதைக் கண்டார். உங்கள் கேள்வி மேலோட்டையும் கவசத்தையும் பற்றியது என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

இனி, நாம் நின்ற பெங்களூருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இங்கிருந்து வடக்கே 80 கி.மீ. போனால் கௌரிபிதனூர். அங்கே 1960களின் நடுவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 20 நிலஅதிர்வுமானிகளைச் செங்கோண வடிவில், இரண்டு வரிசைகளாகப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நிறுவியது. வெளிநாடுகள் பூமிக்கடியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனைகளை இங்கிருந்தே கேட்பது நோக்கம். எதற்கு இருபது? ஒரு கருவியில் மாட்டுவண்டி, கிணற்று மோட்டார், காற்றில் ஆடும் மரம் எல்லாம் சேர்ந்து பதிவாகும். இந்த இரைச்சல் ஒவ்வொரு கருவியிலும் வெவ்வேறாக இருக்கும். தொலைதூர அலையோ எல்லாக் கருவிகளிலும் ஒரே வடிவில், சீரான சிறு காலதாமதத்தோடு வரும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்து இருபது பதிவுகளையும் கூட்டினால் அலை இருபது மடங்காகும். இரைச்சல் நாலரை மடங்குதான் ஆகும். சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் வித்தை இது.

ஒரே ஒரு கருவியை வைத்தும் அதன் அடியில் உள்ள மேலோட்டை அளக்கலாம். உலகின் எங்கோ ஒரு மூலையில் நடந்த நிலநடுக்கத்தின் முதன்மை அலை கீழிருந்து மேலேறி மோஹோ எல்லையைத் தாக்கும்போது, அதில் ஒரு பகுதி இரண்டாம் அலையாக மாறிவிடுகிறது. இரண்டாம் அலை மெதுவானது. எனவே 35 கி.மீ. மேலோட்டைக் கடந்து வர அது 4 விநாடியை ஒட்டிப் பின்தங்குகிறது. தாமதம் கூடினால் மேலோடு தடிமன் என்று பொருள். இப்படி அளந்ததில், பெங்களூர் இருக்கும் கிழக்குத் தார்வார் என்ற பழம்பாறைப் பகுதியில் மேலோடு 33 முதல் 40 கி.மீ. வரை, மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி ஓசூர் போகும் தூரம்தான். மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகப் போக, அது 50 கி.மீ. அளவுக்குத் தடிக்கிறது. நிலநடுக்கத்துக்குக் காத்திராமல் வெடிமருந்து வைத்தும் அளந்திருக்கிறார்கள். 1970களில் ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், சோவியத் வல்லுநர்களோடு சேர்ந்து, ஆந்திரக் கரையின் காவலியிலிருந்து கர்நாடகக் கரையின் உடுப்பி வரை, தீபகற்பத்தின் குறுக்கே அப்படி ஒரு கோடு போட்டது.

லால்பாக் பாறை 300 கோடி ஆண்டுப் பழமையை ஒட்டியது. அதற்கு அடியில் உள்ள மேலோடு இத்தனை காலம் சிதையாமல் நின்றிருக்கிறது. அந்தப் பாறைமேல் நின்றுகொண்டு இதைக் கேட்டீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

இனி, அலைகளோடு சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி: எடை. நிலஅளவைக்காரர்களின் தூக்குக்குண்டிலிருந்து தொடங்குகிறது இந்தக் கதை. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவை, மெல்ல வடக்கே இமயமலை அடிவாரம் வரை போனது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே உள்ள கலியானாவுக்கும் இடையிலான தூரத்தைத் தரையில் அளந்தும் பார்த்தார்கள், விண்மீன்களை நோக்கியும் கணக்கிட்டார்கள். இரண்டுக்கும் 5.2 விகலை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) வித்தியாசம் வந்தது. தரையில் சுமார் 160 மீட்டர். இமயமலையின் பொருண்மை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதால் வந்த பிழை இது என்று தோன்றியது. கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் மலையின் பொருண்மையைக் கணக்கிட்டுப் பார்த்தார். அவர் கணக்குப்படி வித்தியாசம் கிட்டத்தட்ட 16 விகலை வர வேண்டும். வந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு!

அவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? 1855-இல் ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விடை சொன்னார்: தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைபோல, மலைக்குக் கீழே கனம் குறைந்த பாறையின் வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது, மேலே நீட்டிய பொருண்மையைக் கீழே உள்ள குறைவு ஈடுசெய்கிறது. பிராட் வேறு விளக்கம் தந்தார்: உயரமான இடங்களின் பாறையே அடர்த்தி குறைந்தது. மோஹோ கண்டுபிடிக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு நடந்தது இது. பின்னாளில் நிலஅதிர்வு அலைகளைக் கொண்டு இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் பார்த்தபோது, மேலோடு 70 கி.மீ. வரை தடித்திருந்தது. தூக்குக்குண்டு சொன்னதை அலை உறுதிசெய்தது. இரண்டு சாட்சிகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு பேசியவர்கள் இல்லை. நான் முதலில் சொன்ன வேறு வேறு புகைகள் இவைதாம்.

எடையைப் பற்றிய இன்னொரு செய்தி நம் ஊரையே தொடுகிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 920 மீட்டர் உயரம் என்று படித்திருப்பீர்கள். ஆனால் செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவி, திருத்தம் செய்யாத கணக்கில், அதைவிட 80 மீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும். கருவியில் பழுதில்லை. பூமியை ஒரு சீரான நீள்கோளமாகக் கொண்டு அது அளக்கிறது; நிஜமான கடல்மட்டம் ஈர்ப்புக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். நீள்கோளத்தைவிட 100 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. அதன் சரிவில்தான் தென்னிந்தியா முழுவதும் இருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு இது தெரியாது. தண்ணீர் எப்போதும் தூக்குக்குண்டுக்குச் செங்குத்தாகவே நிற்கும் என்பதால் அவருக்கு எல்லாம் சமதளம்தான்.

ஏன் அந்தப் பள்ளம்? அதற்கு அடியில் எங்கோ பொருண்மை குறைவாக இருக்கிறது. 2023-இல் நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள். 14 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து கவசத்தின் ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது இடையில் இருந்த டெத்திஸ் கடலின் தரை கவசத்துக்குள் மூழ்கியது. மூழ்கிய பாளங்கள் கவசத்தின் அடி வரை இறங்கி, ஆப்பிரிக்காவுக்குக் கீழே குவிந்திருக்கும் சூடான பெரும்பொருளைக் கிளறிவிட்டன. அதன் விளிம்பிலிருந்து எழுந்த சூடான, கனம் குறைந்த பாறை இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் 300 முதல் 900 கி.மீ. ஆழத்தில் வந்து பரவியிருக்கிறது. பள்ளத்துக்கு அதுவே காரணம் என்பது அவர்கள் முடிவு. எனக்கு இந்த விளக்கம் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஆனால் கோலாவை மறக்கக் கூடாது. கணினி மாதிரி பள்ளத்தை மறுபடி உண்டாக்கிக் காட்டுவது ஒரு படி. அந்தச் சூடான பாறை அங்கே இருப்பதை நிலஅதிர்வு அலைகள் தெளிவாகக் காட்டுவது அடுத்த படி. அதற்கு அந்தக் கடலின் தரையில் கருவிகள் நிறைய வேண்டும்.

இங்கே அலைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பதுபோல, ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களின் அலைகள் ஆயிரக்கணக்கான நிலையங்களுக்கு வந்த நேரங்களை ஒன்றாக வைத்து, எங்கே அலை சராசரியைவிடச் சற்று முந்தியது, எங்கே பிந்தியது என்று முப்பரிமாணப் படம் வரைகிறார்கள். இந்தியாவுக்கு அடியில் மூழ்கிய டெத்திஸ் தரையின் பாளங்கள் அப்படித்தான் தெரிந்தன. நிலநடுக்கமே தேவையில்லை என்ற அளவுக்கும் வந்துவிட்டார்கள்: கடல் அலைகள் ஓயாமல் தரையைத் தட்டும் மெல்லிய முனகலை மாதக்கணக்கில் பதிந்து, இரண்டு நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டே மேலோட்டைப் படமெடுக்கிறார்கள். ஆனால் படத்தில் சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர் என்று அவசரமாகப் படிக்காதீர்கள். நிறம் காட்டுவது வேகத்தை மட்டும்தான். வேகம் வெப்பத்தால் குறையலாம், கனிமம் மாறியதால் குறையலாம், சிறிதளவு உருகியதாலும் குறையலாம். கருவிகள் அதிகம் இல்லாத கடல்களுக்கு அடியில் படமே மங்கல்.

இப்போது நீங்கள் ஐயப்பட்ட கனிமங்களுக்கு வருவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே ஓரளவு பொருந்தும். ஆந்திரத்தின் அனந்தபூர் பக்கம் வஜ்ரகரூரில் கிம்பர்லைட் என்ற பாறைக் குழாய்கள் இருக்கின்றன. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன், 150 கி.மீ.க்கும் கீழிருந்து பீறிட்டெழுந்த குழம்பு உறைந்தவை. வரும் வழியில் அது கவசத்தின் கற்களைப் பிய்த்துக்கொண்டு வந்தது; வைரங்களையும் கொண்டுவந்தது. முதல் மழை விழுந்ததும் அந்தப் பக்கத்து வயல்களில் குடும்பம் குடும்பமாக வைரம் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வைரத்தைவிட அதனுள் சிக்கிய அழுக்குதான் விலைமதிப்பற்றது. 2014-இல் பிரேசிலின் ஜுயினாவில் கிடைத்த ஒரு சிறு வைரத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவு ரிங்வுடைட் என்ற கனிமம் அகப்பட்டது. 500 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில்தான் அது உண்டாக முடியும். அதன் எடையில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு நீர் கட்டுண்டு இருந்தது.

சரி, அந்த ஆழத்தில்தான் உண்டாகும் என்று எப்படித் தெரியும்? ஆய்வகத்தில் செய்து பார்த்ததால். இரண்டு வைரங்களின் கூர்முனைகளுக்கு நடுவே ஒரு தூசியளவு பாறையை வைத்து நெருக்குகிறார்கள். லேசர் கதிரால் சூடேற்றுகிறார்கள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அணுக்களின் அடுக்கு மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். கவசத்தின் அடியில் உள்ள அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 13 லட்சம் மடங்கு. அதையும் இந்தக் கருவி உள்ளங்கையளவு இடத்தில் எட்டிவிடுகிறது. மேற்கவசத்தின் முதன்மைக் கனிமம் ஆலிவின். அதை நெருக்கிக்கொண்டே போனால் ஓர் அழுத்தத்தில் அணுக்கள் நெருங்கி அடுக்கு மாறுகிறது. பிறகு ரிங்வுடைட் ஆகிறது. இன்னும் நெருக்கினால் அதுவும் உடைந்து பிரிட்ஜ்மனைட் முதலிய கனிமங்களாகிறது. முதல் மாற்றத்துக்கும் கடைசி மாற்றத்துக்கும் வேண்டிய அழுத்தங்களை ஆழமாக மாற்றிப் பாருங்கள்: சுமார் 410 கி.மீ., 660 கி.மீ. நிலஅதிர்வு அலைகளைப் படித்தவர்கள், எந்தக் கனிமத்தையும் கையில் தொடாமல், கவசத்துக்குள் வேகம் சட்டென்று தாவும் இரண்டு எல்லைகளைக் குறித்து வைத்திருந்தார்கள். அவையும் 410, 660. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாறையைத் தொடாதவர்களும் அலையைப் பார்க்காதவர்களும் ஒரே இரண்டு எண்களில் வந்து நின்றார்கள்.

பிரிட்ஜ்மனைட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பூமியில் மிக அதிகமாக இருக்கும் கனிமம் அதுவே. ஆனாலும் 2014 வரை அதற்கு முறையான பெயர் இல்லை. இயற்கையில் கிடைத்த மாதிரியை ஆராய்ந்த பிறகே கனிமத்துக்குப் பெயர் வைப்பது வழக்கம். கடைசியில் மாதிரி கிடைத்தது வானத்திலிருந்து: 1879-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில், பழைய மோதல் ஒன்றின் அழுத்தத்தில் உண்டான சிறு துகளாக.

உங்கள் இரண்டாம் கேள்வி மீதியிருக்கிறது: நேராகத் தோண்டினால் என்ன? நிலத்தில் 35 கி.மீ. தோண்டுவது கோலா காட்டிய காரணத்தால் நடக்காது. மேலோடு மெலிந்த கடலில் முயன்றிருக்கிறார்கள். 1961-இல் அமெரிக்கர்கள் மெக்சிகோவின் குவாதலூப் தீவு அருகே, 3.5 கி.மீ. ஆழமான தண்ணீருக்கு அடியில், கடல்தரையில் 183 மீட்டர் துளைத்தார்கள். பணம் தீர்ந்து, 1966-இல் திட்டம் கைவிடப்பட்டது. 2023-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துரப்பணக் கப்பல் நடு அட்லாண்டிக்கில் 1,268 மீட்டர் துளைத்து, கவசப் பாறையை நீள நீளத் தண்டுகளாக மேலே கொண்டுவந்தது. கடல்தரை பிளந்து விலகியதால் கவசம் தானாகவே மேலேறி வந்து நிற்கும் இடம் அது. கடல்நீர் ஊறிப் பாதி உருமாறிய பாறையும்கூட. கலையாத மேலோட்டைத் துளைத்து, மோஹோவைக் கடந்து, அடியில் உள்ள கவசத்தை எடுத்தவர் இன்னும் ஒருவரும் இல்லை.